நடுக்கடலிற் பதினான்கு நாள்

கடலை நம்பி வாழ்வோர் என்றதும் வலை வீசுவோரும் கப்பலோட்டுவோருமே நம் நினைவுக்கு வருவர். வலையும் வீசாது, கப்பலும் ஓட்டாது, ஆண்டிற் பாதி நாளைக் கடல் நடுவே கழிக்கும் ஒரு கூட்டத்தாரும் உளர். கடலடி நிலத்தைத் துளைத்து எண்ணெய் எடுக்கும் தொழிலாளர் அவர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கரையில், லூயிசியானா மாநிலத்துக்கு அப்பால் விரிந்து கிடக்கும் மெக்சிக்கோ வளைகுடாவில் இத்தகையோர் பல்லாயிரவர் வேலை செய்கின்றனர். (அவ்வளைகுடாவுக்கு 2025 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு வேறு பெயர் சூட்டியது. மீன்களுக்கு அச்செய்தி எட்டியிராது. நாமும் பழைய பெயரையே வழங்குவோம்.) எண்ணெயின் விலையைப் பற்றிப் பேசாத நாடு இல்லை. அதனை எடுப்போனின் சோற்றைப் பற்றியும், வீட்டைப் பற்றியும், இளைப்பாறுங் காலத்தைப் பற்றி அவன் கொண்டுள்ள ஆசையைப் பற்றியும் பேசுவோர் சிலரே. இவ்வாரம் அதனைப் பார்ப்போம்.

இத்தொழிலாளருட் கணிசமானோர் ‘கேஜன்’ எனப்படும் மக்கள். அவர்தம் முன்னோர் பிரான்சிலிருந்து புறப்பட்டு, இன்று கனடாவின் நோவா ஸ்கோஷியா என வழங்கும் பகுதியிற் குடியேறிய உழவர். அந்நிலத்துக்கு அக்கேடியா என்பது அன்றைய பெயர். 1713 இல் அது பிரித்தானியர் கைக்கு மாறியது. பிரித்தானிய மன்னருக்கு நிபந்தனையின்றி விசுவாசப் பிரமாணஞ் செய்ய மறுத்தமையால், 1755 முதல் அம்மக்கள் ஆயிரக்கணக்கிற் கப்பலேற்றப்பட்டு நாடு கடத்தப்பட்டனர். வீடுகள் எரிக்கப்பட்டன. குடும்பங்கள் பிரிந்து சிதறின. லோங்பெலோ என்னும் அமெரிக்கப் புலவர் 1847 இல் வெளியிட்ட ‘எவஞ்சலின்’ என்ற நெடுங்கவிதைக்கு இத்துயரமே பொருள். ஆங்கிலம் பயிலும் மாணவர் தேடிப் படிக்கத்தக்கது. அலைந்து திரிந்தோரில் ஒரு சாரார் 1765 அளவில் லூயிசியானாவை அடைந்தனர். ‘அக்கேடியன்’ என்ற சொல்லே நாளடைவில் தேய்ந்து ‘கேஜன்’ ஆயிற்று.

அங்கே அவர்களுக்குக் கிடைத்தது நீர் பாதி, சேறு பாதியான நிலம். மிசிசிப்பி ஆறு கடலை அணுகுமிடத்தில் எண்ணிறந்த ஓடைகள் மெல்லென ஊர்ந்து செல்லும். ‘பயூ’ என்பது அவ்வோடைகளுக்கு வழங்கும் பெயர். அவற்றின் கரையோரம் குடிசைகளை அமைத்து, மீன் பிடித்தும், இறால் வாரியும், நெல்லுங் கரும்பும் பயிரிட்டும் அம்மக்கள் வாழ்ந்தனர். பிரெஞ்சு மொழியை விடாது பேசினர். 1921 இல் இயற்றப்பட்ட மாநில அரசியலமைப்பு, பாடசாலைகளில் ஆங்கிலமே போதனா மொழி என விதித்தது. பாடசாலை முற்றத்திலே தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். ‘இனிப் பிரெஞ்சு பேசமாட்டேன்’ என்று பன்முறை எழுதுவிக்கப்பட்டனர். அப்பிள்ளைகள் வளர்ந்து ஆளான காலத்திலேதான் கடலில் எண்ணெய் கண்டார்கள்.

1947 ஆம் ஆண்டில், கரை கண்ணுக்குப் புலப்படாத தொலைவில், பத்து மைலுக்கு அப்பால், கேர்-மக்கீ என்னும் நிறுவனம் ஒரு சிறு மேடையை நாட்டி எண்ணெய் எடுத்தது. அவ்விடத்திற் கடலின் ஆழம் ஏறக்குறைய 20 அடியே. போர் முடிந்தபின் மலிவாகக் கிடைத்த பழைய கலங்களைத் தொழிலாளர் தங்குதற்கும் பண்டங்கள் வைப்பதற்கும் பயன்படுத்தினர். அன்றைய 20 அடியிலிருந்து இத்தொழில் எங்குச் சென்றுள்ளதெனில், 2010 இல் வேலை தொடங்கிய ‘பெர்டிடோ’ என்னும் மேடை சுமார் 8,000 அடி ஆழமுள்ள நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றது.

தொடக்க காலத்தில் டெக்சாசிலிருந்தும் ஒக்லகோமாவிலிருந்தும் வந்த நிபுணர்கள் நிலத்தைத் துளைக்க அறிந்தவர்; கடலை அறியாதவர். எந்த ஓடையில் எவ்விடம் ஆழம், எந்த மேகம் புயலைக் கொணரும் என்பன கேஜன் மீனவனுக்கே தெரியும். ஆகவே முதலில் அவனுடைய படகை வாடகைக்கு அமர்த்தினர். பின்னர் அவனையே அமர்த்தினர். ஏழு நாள் கடலில் வேலை, ஏழு நாள் கரையில் ஓய்வு என்ற முறை அவனுக்கு மிகவும் பொருந்திற்று. ஓய்வு நாளில் முன்போல இறால் வாரலாம், தோட்டத்தையுங் கவனிக்கலாம். ஊரை விட்டுக் குடிபெயராமலே மாதக் கூலி கிடைத்தது. மோர்கன் சிற்றி என்னும் ஊரில் 1936 இல் இறால் விழா ஒன்று தொடங்கப்பட்டது. 1967 இல் அது இறாலும் எண்ணெயும் என்ற இரட்டை விழாவாயிற்று. இதனைக் கேட்டுப் பிற ஊரார் நகைக்கலாம். அவ்வூராருக்கு இரண்டும் சோறு போட்டவை.

இனி அத்தகைய ஒருவனின் நாளை நோக்குவோம். இன்று பல மேடைகளிற் பதினான்கு நாள் வேலை, பதினான்கு நாள் ஓய்வு என்பதே வழக்கம். விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்பட்டு ஹெலிகொப்டர்த் தளத்தை அடைகின்றான். அங்கே ஆளையும் பையையும் நிறுத்துப் பார்த்தே ஏற்றுவர். கரைக்கு அணித்தான மேடைகளுக்குப் படகிலே செல்வதும் உண்டு. ஹெலிகொப்டரிற் செல்வோருக்கு ஒரு பயிற்சி அளிக்கப்படுகின்றது. அதன் கூடு போன்ற ஒன்றினுள் இருத்தி, வாரால் இறுக்கி, நீர்த் தடாகத்திலே தலைகீழாகக் கவிழ்த்து விடுவர். மூச்சை அடக்கி, வாரை அவிழ்த்து, சாளரத்தைத் தள்ளி வெளியே வரல் வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவனும் இப்பயிற்சிக்குத் தப்ப முடியாது.

மேடையில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. இரவு வேலைக்காரன் உறங்கும் அறையிலே கரும் திரை தொங்கும். அங்கு சூரியன் உதிப்பதே இல்லை. புதிதாகச் சேர்ந்தவன் பாரந்தூக்கி இறக்கும் பண்டங்களை ஒழுங்குபடுத்துவான். துருவைச் சுரண்டி வர்ணம் பூசுவான். கடற்காற்றில் இரும்பு துருப்பிடித்துக்கொண்டேயிருத்தலால் அவ்வேலைக்கு முடிவென்பதே இல்லை. தேர்ந்தவர்கள் துளைக்கும் இடத்தில் நிற்பர். ஏறத்தாழ முப்பது அடி நீளமான இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்திக் கீழே இறக்குவர். துளைக்குள்ளே பாரமான ஒருவகைக் குழம்பைச் செலுத்துவர். ‘சேறு’ என்றே அதற்குப் பெயர். நிலத்தடியிலிருந்து பொங்கியெழ முயலும் வாயுவையும் எண்ணெயையும் அச்சேற்றின் பாரமே அடக்கி வைக்கின்றது. அது தோற்றால் என்ன நேரும் என்பதை 2010 ஏப்ரில் 20 ஆந் திகதி உலகம் கண்டது. ‘டீப்வோட்டர் ஹொரைசன்’ என்னும் மேடை வெடித்துத் தீப்பற்றியது. மேலிருந்த 126 பேரில் 11 பேர் மாண்டனர். கிணற்றை அடைக்க 87 நாள் சென்றது. ஆபத்து என்று ஐயுற்றால் எத்துணைக் கீழ்நிலை ஊழியனும் வேலையை நிறுத்தலாம் என்பது இன்றைய விதி. ஏட்டிலுள்ள அவ்விதியை மேலாளன் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு யாருக்கு உண்டு என்பது வேறு கேள்வி.

இத்துணைக் கடுமையான இடத்தில் மனிதனை மனிதனாக வைத்திருப்பது சமையலறையே. மதுபானம் அறவே தடை. புகைப்பதற்கும் குறித்த ஓரிடமே உண்டு. எஞ்சியிருக்கும் இன்பம் உணவு ஒன்றுதான். பகலும் இரவும் வேலை நடத்தலால் நள்ளிரவிலும் சாப்பாடு ஆயத்தமாக இருக்கும். செலவு நிறுவனத்தைச் சார்ந்தது. சமையற்காரன் லூயிசியானாக்காரனாய் இருந்துவிட்டால் அந்த மேடையின் புகழ் மற்ற மேடைகளுக்கும் பரவும். சமையல் கெட்டாலோ, ஆட்களின் மனமுங் கெடும். இதனை அறிந்த மேலதிகாரிகள் சமையற்காரனோடு பகைப்பதில்லை. வறுத்த கோழி, பன்றியிறைச்சி, அப்பம், இனிப்பு என்று நாடோறும் உண்பதனால் வேறொரு தொல்லையும் விளைகின்றது. உடல் பருக்கின்றது, இரத்த அழுத்தமும் நீரிழிவும் தலைகாட்டுகின்றன. அடுத்த முறை ஹெலிகொப்டரில் ஏறும்பொழுது தராசு உண்மையைச் சொல்லிவிடும்.

கரையிலே அவன் மனைவி என்ன செய்கின்றாள்? பதினான்கு நாளும் வீட்டுக்கு அவளே தலைவி. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வைத்தியரிடம் கொண்டோடுபவளும் அவள். புயலறிவித்தல் வந்தாற் சாளரங்களுக்குப் பலகை அடிப்பவளும் அவள். பதினைந்தாம் நாள் கணவன் வருகின்றான். வந்தவுடனே வீட்டின் கணக்கையும் பிள்ளைகளின் ஒழுக்கத்தையும் விசாரிக்கத் தொடங்கினால் அங்கே மனத்தாங்கல் பிறக்குமன்றோ? தான் இல்லாமலே வீடு நடக்கின்றது என்ற உண்மை ஆண்மகனுக்கு உவப்பானதன்று. முற்காலத்தில் வானொலித் தொலைபேசிக்கு வரிசையில் நின்று, பலர் கேட்க, இரண்டொரு வார்த்தை பேசி முடிப்பர். இக்காலத்தில் செய்மதி வழியாக முகம் பார்த்தே பேசலாம். மகளின் பிறந்தநாட் பாட்டைச் சிறு திரையிற் கேட்டுவிட்டு இரும்புப் படியேறி வேலைக்குச் செல்வது முன்னையதினும் எளிதோ அரிதோ, அனுபவித்தவரே கூறல் வேண்டும். பெண்களும் இப்பொழுது மேடைகளில் வேலை செய்கின்றனர். அவர்தம் இல்லங்களிற் கணவன்மார் சாளரத்துக்குப் பலகை அடிக்கின்றனர்.

கரைக்கு வந்தவன் முதலிற் செய்யும் காரியங்களில் ஒன்று பானையை அடுப்பில் ஏற்றுதல். கேஜன் ஆடவர் சமையலை இழிவாகக் கருதுவதில்லை. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் காட்டுக் குடில்களுக்குச் சென்று தாமே சமைத்துண்டு பழகியவர்கள் அவர்கள். அவர்தம் உணவுகளில் தலையாயது ‘கம்போ’. கோதுமை மாவை எண்ணெயிலிட்டு இளந்தீயில் அரைமணி நேரத்துக்கு மேலாக விடாது துழாவுவர். வெண்மை பொன்னிறமாகும், பொன்னிறம் செப்பு நிறமாகும், பின்பு கபில நிறமாகும். இதனை ‘ரூ’ என்பர். கண்ணயர்ந்து கரும்புள்ளி ஒன்று தோன்றினாலும் முழுவதையுங் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதே. வாயிலில் யார் வந்து தட்டினாலும் துழாவுகின்றவன் அசையான். பின்னர் வெங்காயம், செலரித் தண்டு, குடைமிளகாய் என்னும் மூன்றையும் நறுக்கியிட்டு, நீர் வார்த்து, கோழியும் புகையூட்டிய இறைச்சியுமோ, இறாலும் நண்டுமோ சேர்த்துக் கொதிக்கவைத்துச் சோற்றின்மேல் ஊற்றி உண்பர்.

இந்த ஒரு பானையினுள்ளே பல நாட்டார் கூடியிருக்கின்றனர். ‘கம்போ’ என்பது மேற்கு ஆபிரிக்க மொழிகளில் வெண்டிக்காயைக் குறிக்குஞ் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். அடிமைகளாகக் கொணரப்பட்ட ஆபிரிக்கர் தந்த காய் அது. வெண்டிக்காய் இல்லாத காலத்திற் குழம்பைத் தடிப்பாக்க ‘சசபிராஸ்’ என்னும் மரத்தின் இலைத்தூளைத் தூவுவர். அது சொக்டோ என்னும் பழங்குடியினர் கற்பித்தது. ரூ பிரெஞ்சு வழி வந்தது. நம் ஒடியற் கூழுக்கும் இதற்கும் யாதோர் உறவுமில்லை. ஆயினும் கடலுணவை ஒரே பானையிலிட்டுச் சுற்றத்தார் சூழவிருந்து உண்ணும் மகிழ்ச்சி நம்மவருக்கு விளங்காததன்று. கேஜன் உணவு மிகவும் உறைப்பானது என்று உலகெங்கும் பேர் பரவியிருப்பினும், நம் வீட்டு மிளகாய்த்தூளுக்குப் பழகிய நாவுக்கு அது சாதுவாகவே தோன்றும்.

வசந்த காலத்தில் வேறொரு விருந்து. நன்னீரில் வாழும், சிங்கி இறாலின் குட்டியைப் போன்ற தோற்றமுடைய ‘கிரோபிஷ்’ என்னும் உயிர் அப்பொழுது மலியும். அம்மாநிலத்து உழவர் நெல் அறுத்த வயலில் நீர் கட்டி, அதே வயலில் அதனையும் வளர்க்கின்றனர். பெரிய கொப்பரையிற் சோளக்கதிர், உருளைக்கிழங்கு, உள்ளி ஆகியவற்றோடு அவித்து, மேசைமீது செய்தித்தாளை விரித்து அதன்மேற் கொட்டுவர். எல்லோரும் நின்றபடியே ஓட்டை உடைத்து உண்பர். செய்தித்தாளுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்பதை எழுதுவோர் மறத்தலாகாது. கத்தோலிக்கராதலின், இறைச்சி தவிர்க்கும் பெரிய வெள்ளியன்று இவ்விருந்து பல வீடுகளில் நடைபெறும். அன்று கடலில் இருக்க நேர்ந்தவன் நாட்காட்டியை நோக்கிப் பெருமூச்சு விடுவான்.

அவனுடைய இளைப்பாறும் ஆசையும் இப்பானையைச் சுற்றியே அமைந்திருக்கின்றது. மாளிகை வேண்டான், உலகஞ் சுற்ற விரும்பான். பயூக் கரையில் ஒரு சிறு குடில், ஒரு படகு, ஓர் இறால் வலை, சனிக்கிழமைகளில் வந்து சூழும் பேரப்பிள்ளைகள். அறுபத்திரண்டு வயதில் விலகலாமா, அறுபத்தேழு வரை பொறுக்கலாமா என்பதே மேடையில் உணவு மேசையைச் சுற்றி ஓயாது நடக்கும் பேச்சு. அமெரிக்க அரசின் முதுமைக் காலக் கொடுப்பனவை அறுபத்திரண்டிலேயே பெறத் தொடங்கலாம். ஆனால் 1960 ஆம் ஆண்டிலோ அதன் பின்னரோ பிறந்தவர் முழுத்தொகை பெற அறுபத்தேழு நிறைதல் வேண்டும். முந்தி வாங்குபவருக்கு மாதந்தோறும் 30 வீதம் குறையும், ஆயுள் முழுவதும் அவ்வாறே. முதியோருக்குரிய அரச வைத்தியக் காப்புறுதியோ அறுபத்தைந்தில்தான் தொடங்குகின்றது. முழங்கால் அறுபதிலேயே நோகத் தொடங்கினால் என் செய்வது?

பழைய தலைமுறையினரிற் சிலருக்கு நிறுவனமே ஆயுள்வரை ஓய்வூதியம் அளித்தது. இன்று பெரும்பாலோருக்கு உள்ளது, 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ‘401 கே’ என்னும் சேமிப்பு. நம் சேமலாப நிதியைப் போலத் தொழிலாளியும் முதலாளியும் அதிற் பணம் இடலாம். ஆயினும் அது பெரும்பாலும் பங்குச் சந்தையோடு ஏறியிறங்குவது, பொறுப்பு அவனுடையது. எண்ணெய் விலையோ அலையினும் கொடியது. 1985 இன் இறுதியில் பீப்பாய் ஒன்று 30 டொலர் அளவில் விற்றது. 1986 இல் 10 டொலர் அளவுக்கு வீழ்ந்தது. லூயிசியானாவில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். கடனை அடைக்க இயலாதவர்களின் வீடுகளை வங்கிகள் எடுத்துக்கொண்டன. 2014 இல் 100 டொலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டொலருக்குங் கீழே சென்றது. அப்பொழுதும் அதே கதை. ஒவ்வொரு வீழ்ச்சியிலும், பேரப்பிள்ளைகளுக்கென வைத்த சேமிப்பிற் கை வைக்க நேர்ந்த குடும்பங்கள் உண்டு. ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் அதனை எடுப்போர் வரியோடு பத்து வீதம் தண்டமும் செலுத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. இளைப்பாறியபின் இறால் வாரிப் பிழைக்கலாமென்றால் அதற்கும் இடையூறு வந்துள்ளது. வெளிநாட்டுப் பண்ணைகளில் வளர்த்த மலிவான இறால் அமெரிக்கச் சந்தையை நிறைத்துவிட்டது. அண்மை ஆண்டுகளில் அதிற் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தே சென்றது.

இவை யாவற்றினும் பெரிய கவலை ஒன்று உண்டு. அக்குடில் நிற்க வேண்டிய நிலமே கரைந்து போகின்றது. 1932 முதல் 2016 வரையான காலத்தில் லூயிசியானாவின் கடலோரத்தில் சுமார் 4,800 சதுர கிலோமீற்றர் நிலம் நீராயிற்று என்று அமெரிக்கப் புவிச்சரித அளவை நிறுவனம் கணக்கிட்டுள்ளது. காரணம் ஒன்றன்று. வெள்ளத்தைத் தடுக்க மிசிசிப்பி ஆற்றின் இருமருங்கும் உயர்ந்த அணை கட்டியதால், ஆண்டுதோறும் சதுப்பு நிலத்துக்குச் சேர்ந்த வண்டல் கடலின் ஆழத்துக்குப் போகின்றது. நிலம் இயல்பாகவே தாழ்கின்றது; கடல் உயர்கின்றது. இவற்றோடு, எண்ணெய் நிறுவனங்கள் துளைகருவிகளைக் கொண்டு செல்வதற்கும் குழாய்களைப் பதிப்பதற்கும் சதுப்பினூடே ஆயிரக்கணக்கான மைல் நீளத்துக்குக் கால்வாய்களை வெட்டின. அவற்றின் வழியே உப்புநீர் உட்புகுந்தது. நன்னீர்ப் புல் மடிந்தது. வேர் பற்றியிராத மண்ணை அலை தின்றது. சான் சார்ள் தீவு என்னும் சிற்றூரில் 1955 இலிருந்த நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு அழிந்துவிட்டது. அங்கு வாழ்ந்த பழங்குடியினரை வேறிடத்திற் குடியேற்ற 2016 இல் மத்திய அரசு நிதி ஒதுக்கியது. 2022 இல் அவர்கள் புதிய வீடுகளுக்குச் செல்லத் தொடங்கினர்.

தொழிலாளியின் இக்கட்டு இங்கேதான் உள்ளது. அவனுக்குக் கூலி தந்த தொழிலே அவன் பாட்டன் வீட்டுப் புல்வெளியையும் அறுத்திருக்கின்றது. 2025 ஏப்ரிலில் பிளாக்மின்ஸ் பிரிவின் நீதிமன்றத்தில், சதுப்பு நிலத்துக்கு விளைந்த கேட்டுக்காக ஒரு பெரிய எண்ணெய் நிறுவனம் 74 கோடி டொலருக்கு மேல் செலுத்தல் வேண்டுமென யூரிமார் தீர்மானித்தனர். நிறுவனம் மேன்முறையீடு செய்யப் போவதாக அறிவித்தது. இத்தகைய வழக்குகளைப் பற்றி அங்கே ஒரே வீட்டில் இரு கருத்து நிலவுதல் வியப்பன்று. நிறுவனம் மனம் வெறுத்துப் போய்விட்டால் மகனுக்கு வேலை ஏது என்பான் தகப்பன். நிலம் போய்விட்டால் வேலை இருந்தென்ன என்பாள் தாய். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு என்றே நமக்குத் தோன்றுகின்றது. ஆயினும் தாயின் கூற்றே கனமானது.

2021 ஓகஸ்ட் 29 இல் ‘ஐடா’ என்னும் சூறாவளி, கடல் மேடைகளுக்குப் பண்டங்கள் செல்லும் போட் பூர்ஷோன் துறைமுகத்தின் அருகே கரையேறி, அப்பகுதியின் வீடுகளை உருக்குலைத்தது. அதன் பின்னர் அம்மாநிலத்துக் காப்புறுதி நிறுவனங்கள் பல முறிந்தன. எஞ்சியவை கட்டணத்தை உயர்த்தின. கடனின்றி வீடு வைத்திருப்போரிற் காப்புறுதியே எடாது துணிந்து இருப்போரும் உளர். ஆயினும் பயூக் கரையிற் குடில் கட்டுவது நிற்கவில்லை. பன்னிரண்டடி, அதற்கும் மேலான உயரமுள்ள தூண்களை நாட்டி, அவற்றின்மேல் வீட்டை அமைக்கின்றனர். முப்பது ஆண்டு மேடைப் படிகளில் ஏறியிறங்கித் தேய்ந்த முழங்காலோடு வருபவன், தன் வீட்டு வாயிலை அடையவும் இருபது படி ஏறல் வேண்டும். ஆதலாற் சிலர் தூணோரத்தில் மின்சாரத்தால் இயங்கும் சிறு பாரந்தூக்கி ஒன்றைப் பொருத்தியுள்ளனர். அரிசி மூட்டையும், எரிவாயுக் கலனும், கம்போப் பானையும் அதிலே மேலேறுகின்றன.